எட்டும் ஒரே லாட்

பேரம் பேசாமல் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை, ஐயா. பாதி விலைக்குக் கேட்டு என்னைத் திட்டட்டும், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. பூந்தமல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வர் பார்த்துக்கொண்டிருந்த ஃபெபி, நான் கொண்டுபோன எஸ்எஸ்டியை, தகவல் சேமிக்கிற அந்தச் சில்லுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யூஸ் பண்ண சரக்குண்ணே. வேணாம்." விலைகூடக் கேட்கவில்லை.

அவளுக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்தான் உசத்தி. உள்ளே தட்டு சுற்றும். சாவதற்கு முன் கரகரவென்று முனகும். காதை வைத்துக் கேட்டு மாற்றிவிடுவாள். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் கிடையாது. எழுத எழுதத் தேயும். வேகமாக உழைத்துவிட்டுப் பேசாமல் போய்ச் சேரும், என் மாமனார் மாதிரி.

மேனேஜர் ஜெகதீஷிடம் போனேன். அவர் பேரம் பேசி எட்டு எஸ்எஸ்டி கேட்டார், நல்ல மனிதர். "இன்னா ஃபெபி, ஊரே மாறிகினு கீது, நீ இன்னும் சுத்துற தட்டையே கட்டிகினு அழுவுற?" என்றார்.

அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "எட்டும் ஒரே லாட்டா வேணாம்ணே. சேந்து தேஞ்சா சேந்தே செத்துடும். ஒண்ணு போனா மத்தது தாங்கணும்." தொழில் தெரிந்த பெண்.

அம்பத்தூர் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட எட்டை எடுத்தேன். ஒரே லாட், ஒரே தொகுதியில் செய்து ஒன்றாகவே உழைத்தவை. தேய்மானக் கணக்கை அழித்து, வேறு வேறு தேதி போட்ட ஸ்டிக்கர் ஒட்டினேன். கள்ளிக்குப்பத்தில் என் கடையில் வேறு லாட்டும் இருந்தது. கேட்டால் மறைக்க மாட்டேன்.

மாட்டிச் சில மாதத்தில் எட்டும் ஒரே காலையில் செத்துப்போயின. அப்போதுதான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து கஸ்தூரியம்மாவைக் காய்ச்சலில் நினைவு தப்பிய நிலையில் கொண்டுவந்தார்கள். பெனிசிலின் அவருக்கு ஆகாது என்பது அந்த எட்டுக்குள் மட்டும்தான் இருந்தது. திரை திறக்கவில்லை. இனியும் தாமதிக்கக் கூடாது என்று ஊசி போட்டார்கள். உடல்தான் வீடு திரும்பியது.

ஆஸ்பத்திரி விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "மாட்றதுக்கு முன்னாடி பாத்திருக்கலாமே, பாப்பா," என்றேன், எல்லார் முன்னாலும். ஃபெபிக்கு வேலை போயிற்று. அந்தப் பெயரோடு வேறெங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் என் கடைக்கே வந்தாள். பழைய ஸ்டிக்கர் உரிக்கும் வேலை இருப்பதாகச் சொல்லி, சம்பளத்தையும் சொன்னேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுங்கண்ணே," என்றாள்.

அதைக் கேட்கத்தான், ஐயா, இத்தனையும். அந்த அம்மாவோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை.

சேர்த்தே கொடுத்தேன். நான் ஒன்றும் ஈரமில்லாதவன் இல்லை.