இரவல் ரத்தம்

— இது உன் ரத்தம் இல்லைம்மா.

— என்ன சிஸ்டர் சொல்றீங்க? என் கையிலதானே ஊசி குத்தினாங்க.

— எந்தக் கையில?

— இதோ, இடது கையில.

— காட்டு. நேத்து குத்தினது, ஒரு புள்ளியாவது தெரியணும்ல?

— எனக்கு எல்லாமே சீக்கிரம் ஆறிடும் சிஸ்டர். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

— அந்தக் கையையும் நீட்டு. ம். அங்கேயும் ஒண்ணும் காணோம். சரி, இதைக் கேளு. நீ முதல் தடவை இங்க வந்தப்போ உன் ரத்தம் ஓ பாசிட்டிவ். டாக்டர் இந்தத் தடவை குரூப்பையும் திரும்பப் பார்க்கச் சொன்னார். பி பாசிட்டிவ்னு வந்திருக்கு. ரத்தம் என்ன சட்டையா, அழுக்கானா மாத்திக்க?

— குழந்தைக்கு அவங்கப்பா குரூப்பா இருக்கும் சிஸ்டர். அது கொஞ்சம் எனக்குள்ள கலந்து...

— நர்சு காதுலயே பூ சுத்தறியா?

— இல்லைன்னா லேப்ல மாத்திப் போட்டிருப்பாங்க. ஊசி போட்ட பொண்ணு புதுசு. கை நடுங்கிட்டே இருந்தது, நான்தான் ஜன்னல் வழியாப் பார்த்தேனே.

— ஜன்னல் வழியா. அப்போ நீ வெளியில நின்னே, உன் கை மட்டும் உள்ள போயிட்டு வந்ததா? சொல்லும்மா. யாரு கை அது?

— தப்புதான் சிஸ்டர். திட்டிக்கோங்க.

— திட்டறதுக்கு எனக்கு நேரம் நிறைய இருக்கு. யாரு கை?

— அது எதுக்கு உங்களுக்கு? பொய் சொன்னது நான். என்னோட போகட்டும்.

— ஏன் சொன்னே? அதையாவது சொல்லு. கதவைச் சாத்திட்டேன், யாரும் வரமாட்டாங்க. தண்ணி வேணுமா?

— வேண்டாம். போன வாரம் ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ணிட்டிருந்தேன். பாத்ரூம் தரையைத் தேய்ச்சிட்டு நிமிர்ந்தேன், கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தது. கண்ணு முழிச்சுப் பார்த்தா தரையில கிடக்கேன், தலைமாட்டுல எங்க சூப்பர்வைசர். கழுகுன்னு சொல்வோம் அவரை. எங்கே தூசின்னு வட்டமடிச்சுட்டே இருப்பாரு. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, ரத்த அளவு பத்துக்கு மேல இருந்தா வேலை, இல்லைன்னா வீடுன்னுட்டாரு. பிள்ளை பெத்துட்டு வா, இடம் இருந்தா பார்க்கலாமாம்.

— வீட்டுக்காரர்?

— கால் உடைஞ்சு கட்டுப் போட்டுப் படுத்திருக்காரு. இப்போ என் கை ஓடினாத்தான் அடுப்பு எரியும். போன தடவை நீங்க எட்டுன்னு சொன்னீங்க. எட்டை ஒரு மாசத்துல பத்தாக்க நான் எங்க போவேன்?

— மாத்திரை கொடுத்தேனே. அதுக்குத்தானே கொடுத்தது.

— சாப்பிட்டேன்.

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— கொஞ்ச நாள் சாப்பிட்டேன் சிஸ்டர். வயிறு கல்லாயிடுது. குமட்டுது. அப்புறம், சொல்லவே கூச்சமா இருக்கு, தார் மாதிரி கருப்பாப் போகுது. உள்ளே ஏதோ கருகிப் போச்சுன்னு பயந்துட்டேன். குழந்தைக்கு ஆகாதுன்னு நிறுத்திட்டேன்.

— இதை என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே.

— நீங்க ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா சாப்பிடறியான்னு கேட்பீங்க, நான் தலையாட்டுவேன், நல்ல பொண்ணுன்னு முதுகுல தட்டுவீங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?

— இனிமே முதுகுல தட்டலை. கேட்டுக்கோ. இரும்பு மாத்திரை சாப்பிட்டா கருப்பாத்தான் போகும், எதுவும் கருகலை. குமட்டினா சாப்பிட்ட பிறகு போட்டுக்கலாம், ஒத்துக்காட்டி வேற மாத்திரை இருக்கு. வயிறு கல்லானா அதுக்கும் மருந்து இருக்கு. எதுகூட முழுங்கினே?

— டீயோட. டீ குடிச்சாத்தான் குமட்டல் அடங்குது.

— அடக் கடவுளே. வர்ற விருந்தாளியை வாசல்லயே திருப்பி அனுப்பியிருக்கே. டீ இருந்தா இரும்பு உடம்புல ஒட்டவே ஒட்டாது. தண்ணி, இல்லைன்னா எலுமிச்சைச் சாறு. டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடி.

— சரி சிஸ்டர். இன்னிக்கே ஆரம்பிக்கறேன். இந்த ஒரு தடவை அந்த ரிப்போர்ட்டைப் பார்க்காத மாதிரி விட்டுடுங்க. பத்துக்கு மேலதானே வந்திருக்கும்? ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுங்க.

— முடியாது. ஏன்னு சொல்றேன், நல்லா மனசுல போட்டுக்கோ. பிரசவத்துல எல்லாப் பொம்பளைக்கும் ரத்தம் போகும். கையிருப்பு இருக்கறவ தாங்கிடுவா. உனக்குக் கையிருப்பே இல்லை. மத்தவளுக்குச் சாதாரணமாப் போற ரத்தம் உனக்கு உயிராப் போகும். பிள்ளை அழும், தூக்க நீ இருக்கமாட்டே. அந்தக் காகிதத்துல கையெழுத்து வாங்கிக் கொடுத்தா நானும் அதுக்குக் கூட்டு. செய்யமாட்டேன்.

— பயமுறுத்தாதீங்க.

— பயப்படு. அதுக்குத்தான் சொல்றேன். உனக்கு ஆறு மாசம் முடியப் போகுது, மாத்திரையை நம்பி இனிமே உட்கார முடியாது. நரம்பு வழியா இரும்பு ஏத்தச் சொல்லி டாக்டர்கிட்ட பேசிட்டேன். அரை நாள் படுத்துட்டு எழுந்து வீட்டுக்குப் போயிடலாம். உன் கழுகுகிட்ட டாக்டரே பேசுவார். உட்கார்ந்து துணி மடிக்கற வேலை ஹோட்டல்ல இல்லாமலா போகும்? வேலையும் போகாது, நீயும் போகமாட்டே. நான் விடமாட்டேன். போதுமா?

— நிஜமா பேசுவாரா?

— அவர் பேசாட்டி நான் போய் அங்க உட்காருவேன். சரி, உன் கதை முடிஞ்சது. இப்போ சொல்லு, யாரு கை அது?

— திரும்பவும் அங்கயே வர்றீங்களே. அவங்களை மாட்டிவிட மாட்டேன் சிஸ்டர். என்னை என்ன வேணா பண்ணுங்க.

— அவங்களை. அப்போ உன்னை விட மூத்தவங்க. லேப்ல ஏமாந்திருக்காங்கன்னா பொம்பளைதான். அதுவும் வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்த பொம்பளை. மாசமா இருக்கறவங்களா?

— இல்லை.

— பின்னே?

— துண்டு.

— என்ன துண்டு?

— ஹோட்டல் துண்டு. குளிக்கற பெரிய துண்டு ரெண்டை மடிச்சு, வயித்துல கட்டி, மேலே தொளதொளன்னு ஒரு உடுப்பு. இடுப்புல கையை வச்சு அவங்க நடந்த நடையைப் பார்த்தா நானே எழுந்து இடம் கொடுத்திருப்பேன். என்னை விட அவங்க வயிறுதான் எடுப்பா இருந்தது. அந்தப் புதுப் பொண்ணு, பார்த்து உட்காருங்கன்னு கையைப் பிடிச்சு உட்கார வச்சது.

— சிரிக்காதே.

— சிரிக்கலை சிஸ்டர். வெளியில வந்து அதைக் கழட்ட அவங்களுக்கு மனசே வரலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், வயிறு திறக்கவே இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, போதும்டான்னு விட்டுட்டாங்க. இருடி, பஸ் ஸ்டாப் வரைக்கும் இப்படியே நடந்து பார்க்கறேன்னாங்க. நடந்தாங்க. ஒருத்தர் எழுந்து பெஞ்சுல இடம் கொடுத்தார். பஸ் வர்ற வரைக்கும் வயித்து மேல கையை வச்சுட்டே உட்கார்ந்திருந்தாங்க.

— கூட வேலை செய்யறவங்களா?

— அதைக் கேக்காதீங்க சிஸ்டர்.

— எனக்கு யாரையும் மாட்டிவிட வேண்டாம். அந்தக் குழாயில வந்த ரத்தத்துக்கு ஒரு எண் இருக்கு. அது அதோட சொந்தக்காரிக்குத் தெரியணும், இன்னிக்கே தெரியணும்.

— எவ்வளவு? பதிமூணா? என் உடம்புல பதிமூணுக்குக் குறையாதுடின்னு சொன்னாங்க.

— அதை உன்கிட்ட சொல்ல எனக்கு உரிமை இல்லை. எப்படி இருப்பாங்க ஆளு?

— அவங்களுக்கென்ன சிஸ்டர், புயலக்கான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஹோட்டல்ல நானும் அவங்களும் ஒரு ஜோடி, துணி தள்ளற வண்டியும் ஒண்ணுதான். நான் ஒரு தலையணைக்கு உறை போடறதுக்குள்ள அவங்க கட்டிலையே விரிச்சிடுவாங்க. நான் உண்டானதுல இருந்து மெத்தை தூக்கறது, தரை தேய்க்கறது எதுவும் என்னைத் தொட விடலை. என் பாதியையும் சேர்த்து அவங்கதான்.

— படி ஏறினா மூச்சு வாங்குமா?

— இப்பல்லாம் நின்னு நின்னு ஏறுவாங்க. நாற்பதைத் தொடப் போகுதுல்ல, வயசாச்சுடின்னு சிரிப்பாங்க.

— சாக்பீஸ், பச்சரிசி, அப்படி ஏதாவது கொறிப்பாங்களா?

— சேச்சே. ஐஸ்தான். ஐஸ் மெஷின் பக்கத்துல போனா ஒரு கை அள்ளிக்கிட்டுத்தான் வருவாங்க. நாள் பூரா நறநறன்னு கடிப்பாங்க, கேக்கற நமக்குப் பல்லு கூசும். இதெல்லாம் எதுக்கு சிஸ்டர் கேக்கறீங்க?

— ரத்தம் இல்லாதவங்கதான் இப்படி ஓயாம ஐஸ் கடிப்பாங்கம்மா.

— சிஸ்டர்.

— எங்க இருக்காங்க?

— வெளியில. பெஞ்சுல. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாங்க.

— கூப்பிடு.

— அக்கா. அக்கா, கொஞ்சம் உள்ள வாயேன்.

— வந்தாச்சு, வந்தாச்சு. என்ன சிஸ்டர், புயல் மாட்டிக்கிச்சா? இவ மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, எல்லாத்தையும் கொட்டிட்டா. இவளுக்கு ரகசியம் சொல்றதும் மைக்கைப் பிடிச்சுச் சொல்றதும் ஒண்ணுதான். சரி, என்ன இப்போ? ஃபைனா? நான் கட்டறேன், இவளை விட்டுடுங்க.

— உட்காரும்மா.

— நிக்கறேன் சிஸ்டர். உட்கார்ந்தா தூங்கிடுவேன்.

— அதுக்குத்தான் உட்காரச் சொல்றேன். கீழ் இமையை இழுத்துக் காட்டு. ம். நாக்கை நீட்டு. நகத்தைக் காட்டு. இவ இருக்கும்போதே சொல்லலாமா, வெளியில அனுப்பட்டுமா?

— என் ரத்தத்தையே இவ பேருக்கு எழுதிக் கொடுத்தாச்சு. இனிமே என்ன ஒளிவு மறைவு? சொல்லுங்க.

— உன் ரத்தம் அஞ்சு.

— எத்தனைக்கு அஞ்சு?

— பன்னிரண்டு இருக்கணும்.

— அஞ்சா? மெஷின் கெட்டுப் போயிருக்கும் சிஸ்டர். காலையில இருந்து ஒரு மாடி பூரா முடிச்சுட்டு வந்து நிக்கறேன்.

— மெஷினுக்கு ஒண்ணுமில்லை. நம்பாம ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு. எப்படி நிக்கறேன்னுதான் எனக்குத் தெரியலை.

— அக்கா. எனக்கே எட்டு இருக்கு. என் பாதி வேலையை இந்த அஞ்சை வச்சுக்கிட்டா செஞ்சே?

— ஏய், அழாதே. பிள்ளைக்காரி அழக்கூடாது. நல்ல வேளை நமக்குள்ள ஒரு ராசி, ரெண்டு பேர் சேர்ந்தும் ஒரு ஆளுக்குத்தான் தேறுது. பார்த்துக்கலாம் விடுங்க சிஸ்டர். ரெண்டு மாத்திரை கொடுங்க, போட்டுக்கறேன். இன்னும் ஒரு வரிசை ரூம் பாக்கி இருக்கு, கழுகு கத்திட்டிருக்கும்.

— மாத்திரையால ஆகற காரியம் இல்லை இது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறே. அங்க ரத்தமே ஏத்த வேண்டியிருக்கும்.

— இப்பவேவா? அடுத்த வாரம் போறேனே.

— அடுத்த வாரம் வரைக்கும் உன் நெஞ்சு தாங்கும்னு நீ எழுதிக் கொடுப்பியா? அஞ்சை வச்சுக்கிட்டு அது ராப்பகலா ஓடுது. ஒரு நாள் நின்னுடும். நீ மெத்தை தூக்கிட்டிருப்பே, அப்படியே.

— சும்மா பயமுறுத்தறாங்கடி.

— பயப்படு அக்கா. நீ போகலைன்னா நானும் எதையும் ஏத்திக்க மாட்டேன். கையைப் பிடிச்சு இழுத்தாலும் நீட்டமாட்டேன். கழுகு துரத்தினா துரத்தட்டும். சிஸ்டர், நான் இப்படியே இங்க உட்கார்ந்திருக்கேன், இவங்க கிளம்பற வரைக்கும்.

— பாருங்க சிஸ்டர், கோழை மாதிரி இருந்தவ எனக்கே சட்டம் போடறா.

— சரியாத்தான் போடறா. ஆம்புலன்சுக்கு இதோ மெசேஜ் போட்டாச்சு, வந்துட்டிருக்கு. நானும் கூட வர்றேன். அதுக்குள்ள கேட்கறதுக்குப் பதில் சொல்லு, டாக்டருக்கு எழுதணும். ரத்தம் எங்கேயோ ஒழுகிப் போயிட்டிருக்கு. மாசா மாசம் அதிகமாப் போகுமா?

— கொட்டும் சிஸ்டர். பத்து நாள், பன்னிரண்டு நாள். வருஷக் கணக்கா அப்படித்தான். பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

— ஒரு டாக்டர்கிட்டயும் சொல்லலை?

— பிள்ளை இல்லைன்னு போனப்போ எல்லாம் சொன்னேன். அதை எழுதிக்கிட்டாங்க, பிள்ளை ஏன் வரலைன்னுதான் பார்த்தாங்க. அப்புறம் நான் போறதையே விட்டுட்டேன்.

— இனிமே விட முடியாது. கடைசியா எப்போ வந்தது?

— அதுவா? அது நின்னு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு சிஸ்டர், வயசாச்சுல்ல, இனிமே அந்தத் தொல்லை இல்லை. அந்த தைரியத்துலதானே கையை நீட்டினேன், மூணு மாசமா வெளியே போகாத ரத்தம் எல்லாம் உள்ளே எதுக்கோ சேர்ந்துதானே இருக்கும்னு.