அழாத சாட்சி

“அழுதிருந்தா நம்பியிருப்பாங்கடி.”

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் உளுந்தூர்பேட்டை வண்டி ஓட்டுநர் இல்லாமல் நின்றது. எனக்கு முன் இருக்கையில் அக்கா, தங்கை. ஜன்னலோரம் அக்காவின் மகள். எட்டு வயதிருக்கும், புது கவுன். கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வருகிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

“நீதானக்கா அழக்கூடாதுன்ன?”

“அழுதா பேச்சு வராதுன்னு பயந்தேன். வூட்ல தெனம் சொல்ல வச்சேன். ‘பெரியப்பா தடியால அப்பா மண்டையில அடிச்சாரு, நான் பாத்தேன்’னு கடகடன்னு சொல்லிட்டா. அவரோட வக்கீலு, ‘வூட்ல எத்தினி வாட்டி சொல்லிப் பாத்த பாப்பா?’ன்னாரு. தெனமும்னுட்டா. ‘பாத்தீங்களாம்மா, மனப்பாடம்’னு ஜட்ஜம்மாகிட்ட சொல்லிட்டாரு.”

“அவங்க இன்னா சொன்னாங்க? நான் வெளியதான நின்னேன்.”

“ஒன்னும் சொல்லல. மொதல்ல மட்டும், பொய் சொன்னா இன்னா ஆவும்னு கேட்டாங்க. சாமி கண்ணக் குத்தும்னா. சிரிச்சாங்க.”

அக்கா எழுந்து ஓட்டுநர் வருகிறாரா என்று பார்த்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

“சிரிச்சது நல்லதா கெட்டதாடி?”

அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த சிறுமி திரும்பினாள்.

“அம்மா, கோர்ட் வாசல்ல பெரியப்பா, நான் அடிக்கவே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாரு. அவரு கண்ணு நல்லாத்தான இருக்குது? அப்ப நான் சொன்னதுதான் பொய்யாம்மா?”