கோர்ட்டுக்கு ஏது லத்தி

"ஹைகோர்ட்டுக்குச் சொந்தமா ஒரு லத்தியாவது இருக்குதா மாப்ள?"

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், முன்சீட்டு வெள்ளைச் சட்டைக்காரர் தன் மைத்துனரிடம் இப்படிக் கேட்டதும் நான் தூங்குவதை விட்டுவிட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர் பொதுவழியை மறித்துத் தோட்டத்துக்குக் கேட் போட்டுப் பூட்டியிருக்கிறார். திறந்துவிடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு.

"ஆரு வந்து தொறக்கறாங்கன்னு பாக்கறேன்."

"ஏரிக்கரையை ஆக்கிரமிச்ச கடைக்காரங்களும் இப்படித்தானுங்க மச்சான் பேசுனாங்க. ஆபீசருங்களும் கண்டுக்கலீங்க. கோர்ட்டுல அந்த ஆபீசருங்களைக் கூப்பிட்டு நிக்க வெச்சாங்க. மறுநாளே கடையெல்லாம் போச்சு."

"அந்த ஆபீசருங்க பயந்துட்டாங்க."

"அதைப் பாத்துத்தானுங்க நம்ம தாசில்தாரும் பயப்படறாரு. ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தர் பயப்படப் பயப்பட, கோர்ட்டுக்குப் பலம் ஏறுதுங்க."

"அப்பறம் நம்மூருக் கோயில் கேசுல மட்டும் ஏன் வாய்தாவாப் போட்டுட்டே இருக்குது?"

"அங்க ஊரே எதுத்து நிக்குதுங்க. தீர்ப்புச் சொன்னா ஆருங் கேக்க மாட்டாங்கன்னு கோர்ட்டுக்குத் தெரியும். நீங்க ஒண்டியாளு."

வெள்ளைச் சட்டைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டியபோது அவருடைய போன் அடித்தது. வீட்டிலிருந்து.

"தாசில்தாரா? ஜேசிபியுமா? எங்க வந்துட்டு இருக்காங்க?"

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனைக் கையால் மறைத்துக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினார்.

"சாவி டிவிக்குப் பின்னால இருக்குது. அவிக வர்றதுக்குள்ள நீயே போயி கேட்டைத் தொறந்து உட்டுரு. நாங்களாத்தான் தொறந்தோம்னு சொல்லோணும், கேட்டியா?"