இடப்பக்கம் இழுத்த மோட்டார்

மோட்டாரைச் சரிபண்ணிய அன்று எங்கள் வண்டிக் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், மலையாண்டி அம்பலம். காரைக்குடியிலிருந்து சாமான் பையோடு வந்த மெக்கானிக் மாயக்கண்ணன். எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெத்தன். மோர் கொண்டுவந்து வைத்த என் மனைவி அக்கம்மாள். மோரில் அன்றைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல். மாயக்கண்ணன் அதைச் சொல்லாமல் குடித்தான். மரியாதை தெரிந்தவன்.

என் தம்பி வீரையா அங்கே இல்லை. மாமனார் வீட்டு விசேஷத்துக்காக மானகிரி போயிருந்தான். இருந்திருந்தால் அந்த வண்டியில் யாரையும் கைவைக்க விட்டிருக்க மாட்டான்.

அது கண்டரமாணிக்கத்துச் செட்டியார் ஒருவரிடம் வாங்கியது. அவர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வர வைத்திருந்த கார். நாங்கள் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள், நெல்லும் எருவும் ஏற்ற வேண்டும். முன்பாதியை அப்படியே விட்டு, பின்பாதியை வெட்டியெடுத்து, தச்சரைக் கொண்டு பலகைத் தொட்டி அடித்தோம். சுற்று வட்டாரத்தில் அதற்கு மொட்டை மோட்டார் என்று பெயர். வெட்டியதாலோ பாரம் ஏற்றியதாலோ, அது இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஓடும்போது கொஞ்சம் ஒதுங்கும். பிரேக்கை மிதித்தால் ஒரேயடியாக இடது பக்கம் பாயும்.

வீரையா அதற்குப் பழகிவிட்டான். பிரேக்கில் கால் வைக்கும்போதே அவன் கை ஸ்டீரிங்கை வலது பக்கம் வெடுக்கென்று ஒடித்துவிடும். இரண்டும் சேர்ந்து வண்டி நேராக நிற்கும். சரிபண்ணச் சொன்னால் கேட்க மாட்டான்.

"அது பாவம், உங்களை மாதிரித்தான்ணே. ஒரு பக்கமாவே இழுக்குது. நான்தான் பிடிச்சு நேரா கொண்டாறேன்" என்பான். களத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

இப்படிச் சொன்னதற்காக நான் அவனை எதுவும் செய்யவில்லை. அவ்வளவு சின்ன மனுஷன் இல்லை நான். காரணம் வேறு.

எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. பூசாரி பட்டுத்துணியை என் தலையில் பரிவட்டமாகக் கட்டி, முதல் திருநீறு எனக்குத் தந்த பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டலாம். கீழத்தெருவில் பொன்னழகு என்று ஒருவர். அந்த மரியாதை ஒரு வருஷம் எங்களுக்கு, ஒரு வருஷம் அவர்களுக்கு என்றுதான் பழைய முறை என்பது அவர் கட்சி. ஊரில் வாந்திபேதி வந்தபோது அவருடைய பாட்டனார் குடும்பத்தோடு வெளியேறிவிட்டார், அந்த வருஷம் எங்கள் பாட்டனார் வாங்கிக்கொண்டார், அவர்கள் திரும்பி வந்த பிறகும் முறையைத் திருப்பித் தரவில்லை என்று சிவகங்கைக் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

எங்கள் ஐயா சாகக் கிடந்தபோது எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, "அது அவுக முறை, குடுத்துருங்கப்பா" என்று சொன்னது உண்மை. காய்ச்சலில் கிடக்கும் மனுஷர் சொல்வதெல்லாம் கட்டளையாகிவிடாது. ஆகவே கோர்ட்டில் என்னைக் கேட்டபோது, ஐயா அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்து சொன்னேன். அடுத்த வாய்தாவுக்குப் பொன்னழகு தம் பக்கச் சாட்சியாக வீரையாவைக் கூப்பிட்டார்.

முற்றத்தில் வைத்து அவனைக் கேட்டேன். என் ஒரே மகன் சொக்கும் தூணோரம் நின்றான்.

"கூண்டுல ஏறி என்னடா சொல்லப் போற?"

"நடந்ததைத்தான்ணே. ஐயா உங்க கையை மட்டுமா பிடிச்சாக?"

"அப்ப நான் சொன்னது?"

"அதை ஏன் என்கிட்ட கேக்குறீக? ஒரு வருஷம் துணி கட்டாட்டி உங்களுக்குத் தலை வலிக்குமா? வேணும்னா சொல்லுங்க, சந்தையில ஒரு துண்டு வாங்கியாறேன். தினமும் கட்டிக்கிட்டு இருங்க."

சொக்கு வாயைப் பொத்திக்கொண்டான். சிரித்தான் என்று சொல்ல மாட்டேன். பொத்திக்கொண்டான், அவ்வளவுதான்.

வாய்தாவுக்கு முந்தின நாள்தான் மாயக்கண்ணன் வந்தது. அவனை வரச் சொன்னபோது என் மனதில் எதுவும் இல்லை. அறுப்புக்கு முன்னால் வண்டி சரியாக இருக்க வேண்டும், அது மட்டும்தான். அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். வலது முன்சக்கரத்தின் பிரேக் கம்பி தளர்ந்துபோய் அந்தப் பக்கம் பிடிக்கவே இல்லை. இடது பக்கம் மட்டும் கவ்வியது, கால் எடுத்த பிறகும் விடாமல் உரசியது. ஒன்றை முறுக்கினான், இன்னொன்றைத் தளர்த்தினான். சக்கரங்களைத் தூக்கி வைத்துச் சுற்றவிட்டு, பெத்தனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, இரண்டும் ஒன்றாக நிற்கும்வரை விடவில்லை. பிறகு களத்தில் ஓட்டிப் பிரேக் போட்டான். வண்டி அசையாமல் நேராக நின்றது.

"கோயில் மாடு மாதிரில்ல நிக்குது" என்றான் பெத்தன். "இனி சின்னவுகளுக்குப் பேச்சுத்துணை போச்சு. இதைத்தான் வழிநெடுக வைதுக்கிட்டே போவாக."

மாயக்கண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான். "அம்பலகாரய்யா, சின்னவுககிட்ட மறக்காம சொல்லிப்புடுங்க. அவுக கை வலப்பக்கம் ஒடிச்சே பழகிருச்சு. இனிமே அப்படி ஒடிச்சா வண்டி வலப்பக்கமே போயிரும். ரெண்டு நாளைக்கு மெதுவா ஓட்டிப் பழகட்டும்."

"சொல்லிருறேன்" என்றேன்.

அவன் போன பிறகு நான் கொட்டகையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவில் மாட்டுவண்டித் தடம் ஆழமாக விழுந்திருக்கும். அதில் இறங்கிய சக்கரம் தடத்தைவிட்டு விலகாது, எந்த இழுப்பும் கைக்குத் தெரியாது. தெரு முடிந்தால் கண்மாய்க்கரை. கரைமேல் பாதை, மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கை நெருங்கும்போது சரியும். அங்கே பிரேக் போடாமல் யாரும் இறங்க முடியாது. இடது பக்கம் வயல். வலது பக்கம் தண்ணீர். மார்கழி மாதம், கண்மாய் நிறைந்து கிடந்தது.

பெத்தனை வைக்கோல் விலை பேச அடுத்த ஊருக்கு அனுப்பினேன், மறுநாள் வந்தால் போதும் என்று. சாயங்காலம் வீரையா வந்து குளிக்கப் போனபோது அக்கம்மாள் கேட்டாள்.

"சின்னவுககிட்ட மோட்டார் விஷயம் சொல்லிட்டீகளா?"

"சொல்லியாச்சு."

அவளிடம் நான் பொய் சொல்கிறவன் இல்லை. அன்று சொல்ல வேண்டியிருந்தது.

காலையில் வீரையா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு வந்தான். கோர்ட்டுக்குப் போகிறவனாகத் தெரியவில்லை, கல்யாணத்துக்குப் போகிறவன் போல இருந்தான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "கோவம் வேண்டாம்ணே. சாயந்தரம் வந்ததும் என்னைய எவ்வளவு வேணும்னாலும் வைங்க" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது ஒரு குற்றமா என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். பழுதான வண்டியைக் கொடுத்தால் குற்றம். நான் பழுது நீக்கிய வண்டியைக் கொடுத்தேன்.

எங்கள் வாசலில் நின்றால் கண்மாய்க்கரை முழுக்கத் தெரியும். வண்டி கரையேறியது. கலுங்குச் சரிவுக்கு வந்தது. வேகம் குறைந்தது. அதே நொடியில் வலப்பக்கம் ஒடிந்து, யாரோ கூப்பிட்டுப் போவதுபோலத் தண்ணீருக்குள் போனது. சத்தம் சற்றுப் பொறுத்துத்தான் கேட்டது.

மத்தியானத்துக்குள் இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள். ஒருவன் வீரையா. இன்னொருவன் என் மகன் சொக்கு.

விசாரணைக்குப் போலீஸ் வந்தது. பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றான் மாயக்கண்ணன். தம்பியிடம் சொன்னேன், அவன் சிரித்தான் என்றேன் நான். அவன் சிரித்திருப்பான் என்று ஊரே தலையசைத்தது. தம்பி பெண்டாட்டி காளியாயி மட்டும், "என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே அவுக" என்றாள். அழுகிறவள் பேச்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சாட்சி இல்லாமல் பொன்னழகு போட்ட வழக்கும் தள்ளுபடியானது.

பங்குனியில் திருவிழா வந்தது. ஊர் கூடி என் வாசலுக்கு வந்தார்கள். இரண்டு சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பும்வரை தீட்டு, கோயில் மரியாதை வாங்கக் கூடாது, இந்த ஒரு வருஷம் பொன்னழகு வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். முறை அதுதான். நான் தீட்டை யோசிக்கவில்லை. இதில் நான் செய்த தவறு என்றால் அது ஒன்றுதான். ஒரு வருஷம் போனால் போகட்டும், அடுத்த பங்குனியில் என் தலைக்கு வந்துவிடும். எனக்குப் பிறகு யார் தலைக்கு என்று அக்கம்மாள் ஒருமுறை கேட்டாள். அதன்பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

திருவிழா அன்று கோயிலுக்கு வெளியே தெருவில் நின்றேன். பொன்னழகு பரிவட்டம் கட்டிய தலையோடு நேராக என்னிடம் வந்தார். எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"பாவம்ப்பா" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "மகன் அந்த மோட்டார்ல ஏறுனது இவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா விட்டிருப்பாகளா?"

அன்றிலிருந்து மானகிரி வரைக்கும் இதே பேச்சு. வண்டியைச் சரிபண்ணிய மனுஷர், மகன் ஏறியது தெரியாத மனுஷர், பாவம். கடைவீதியில் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள், மரியாதைக்காக அல்ல. இதை எழுதி வைப்பது அதனால்தான். போலீஸ் என்ன செய்தாலும் செய்யட்டும். தன் வாசலில் நடப்பது தெரியாத கிழவன் என்று என்னை எவனும் சொல்லக் கூடாது.

சொக்கு ஏறியது எனக்குத் தெரியாது என்பது பொய். வண்டி முடுக்கிய பிறகு அவன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து ஓடிவந்தான். "நானும் போறேன்யா. அம்புட்டுப் பேர் முன்னால சின்னையா தனியா நிக்கக் கூடாது. நம்ம வீட்டு ஆள் ஒருத்தராவது கூட நிக்கணும்ல" என்றான். போ என்றேன். அந்தப் பக்கத்துக் கதவு லேசில் சாத்தாது. அவன் இழுத்து இழுத்துப் பார்த்தான். நான்தான் படியிறங்கிப் போய் அழுத்திச் சாத்தினேன்.