பொரி உருண்டைப் பகை

அந்த நாற்காலில வேணாங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல ஒக்காருங்க. ராஜம்மா, வீடு கட்டற சங்கத்துலருந்து சார் வந்துருக்காரு, காப்பி குடு. சக்கர ஜாஸ்தி போட்டுடாத. ஆங், என்னா கேட்டீங்க? மாடில குடியிருக்கிற கலீல் ரஹ்மானுக்குக் கடன் குடுக்கலாமா, ஆளு எப்டினா? நல்ல எடத்துல வந்து கேட்டீங்க போங்க. வூட்டுக்காரன் நான் சொல்றேன், பேனாவ எடுத்துக்குங்க.

மோசமான ஆளுங்க.

எப்டியா? இத்தினி வருஷமா குடியிருக்கறான். ஒரு மாசமாச்சும் வாடகைய நிறுத்தி, நான் மாடிப்படி கீழ நின்னு நாலு வார்த்த கத்தறதுக்கு வழி பண்ணானா? ஒண்ணாந்தேதி நான் பல்லு வெளக்கறதுக்குள்ள ஜன்னல்ல வாடக இருக்குது. வூட்டுக்காரன்னா ஒரு மருவாத வேணாமா? போன மழைக்கு மேல ஒழுகுச்சு. எங்கிட்ட சொல்லல. அவனே ஆள வெச்சுப் பூசிட்டான். திட்டு வாங்கறதுக்குக் கூட நான் லாயக்கில்லயா?

இல்லங்க, அவனுக்கு சொந்த வூடு கெடையாது. ஒரு சாண் மண்ணு கெடையாது. தேரடித் தெருவுல ஒரு தையக்கட, இங்க மாடில ஒரு மிஷினு, அவ்ளோதான். மொத மொத வூடு வாங்கறவனுக்குத்தான் உங்க கடன்னு எனக்கும் தெரியும்ங்க. வேங்கிக்கால்ல மன பிரிச்சுப் போட்டுருக்கீங்களே, அதயும் போயி பாத்தேன். ஏன் போனேனா? சும்மாத்தான். காத்தாட.

ஆனா யோசிச்சுக் குடுங்க. அந்தாளு பேச்ச நம்பி மானம் போனவன் நான்.

எமர்ஜென்சி வந்த வருஷம், கார்த்திக தீபம். காத்தாலருந்து எனக்குப் பச்சத்தண்ணி பல்லுல படல. மலைல தீபம் ஏத்தனாத்தான வூட்ல வெளக்கு, வெளக்கு வெச்சாத்தான சாப்பாடு. எதுத்த வூட்டுக்காரன் மாடி கட்டி மலைய மறச்சிட்டான், கீழருந்து தெரியாது. எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. நான் மேல நின்னு பாத்து சொல்றேன்னான் பாய். பிறையவே தேடிக் கண்டுபிடிக்கிற கண்ணு, மலை உச்சில அம்மாம் பெரிய கொப்பரைல எரியறது தெரியாமப் போயிடுமானு நானும் நம்பிட்டேன்.

ஏத்திட்டாங்கன்னு ஒரு கத்து கத்தனான் பாருங்க! தெருவே அரோகரா போட்டுது. வாசலுக்கு வாசல் அகலு. நான் ஒரு பொரி உருண்டய எடுத்து முழுசா வாயில போட்டுட்டேன். அது கரயறதுக்குள்ள கோயில்ல வாணம் வெடிக்குது. நெசமான தீபத்த அப்பத்தான் ஏத்தறாங்க! இவன் பாத்தது, மலை மேல நெய்யி தூக்கினு போனவன் கையில இருந்த தீவட்டி.

தெருவே ஏமாந்துச்சு, பேரு மட்டும் எனக்கு. பொரி உருண்ட சகாதேவன்! என் கடல மண்டிக்கு மல்லாட்ட கொண்டாற கீழ்பென்னாத்தூர் ஆளுங்க கூட மூட்டய எறக்கறதுக்கு முன்னாடி, என்னாண்ணா, ஏத்திட்டாங்களானு கேட்டுட்டுத்தான் எறக்கறானுங்க. அந்த வருஷம் மல்லாட்ட வெல விழுந்துதே, அதுவும் இவனாலதான்.

அன்னியோட பேச்சு வார்த்த நின்னுபோச்சு. ஒம்போது வருஷம் ஆச்சு. அவன் சம்சாரம் குர்ஷித் பேகமும் இவளும் பேசிக்குவாங்க, அது அவங்க பாடு.

தீபத்தன்னிக்கு எப்டியா? நான் தூணப் பாத்து கேப்பேன், யாருக்காச்சும் தெரியுதானு. அவன் மேல கொடில காயற துணியப் பாத்து சொல்லுவான், இன்னும் இல்லனு. அதுக்குப் பேரு பேச்சாங்க? அதுக்கப்பறம் ஒரு வருஷம் கூட தப்பா சொன்னதில்ல, அது வேற.

என்னா எழுதறதா? நல்லவன்னு எழுதுங்க. சத்தம் போட்டுப் படிக்காதீங்க, மேல கேக்கும்.

காப்பி ஆறுது, குடிங்க. குடிச்சினே அந்தக் கட்டுல அடுத்த மனுவயும் கொஞ்சம் எடுங்களேன். அவன் மனைக்குப் பக்கத்து மன. ஆமா, சகாதேவன், நாந்தான். சொந்த வூடு இருக்குதேனா? இதயா சொல்றீங்க? இத போன மாசமே என் பொண்ணு ஆதிலட்சுமி பேருக்கு எழுதி வெச்சிட்டேன். இதுவும் எங்கப்பன் கட்டினது, நான் வாங்கனதில்ல. எனக்கும் மொத வூடுதாங்க.

ராஜம்மா, நீ ஏன் தலைல அடிச்சிக்கற? உள்ள போ.

அங்க மறைக்க ஒண்ணுமில்லதான், வாசல்ல நின்னாலே மலை தெரியும். ஆனா கண்ணுல புரை விழுந்து, மலையே பூசணிக்கா மாதிரி தெரியுதுங்க. தீபம் எங்க தெரியும்? யாராச்சும் சொல்லணும் இல்ல?

ஜாமீனா? ஜாமீனுக்கு ஆளு போட்டிருக்கனே. மேல மிஷினு சத்தம் கேக்குது பாருங்க, அவன்தான். கையெழுத்து மட்டும் இன்னும் வாங்கல. நீங்க மேல போறப்ப அப்டியே கேட்டு வாங்கிடுங்களேன். நான் எப்டிங்க கேக்கறது? எங்களுக்குள்ளதான் பேச்சு வார்த்த கெடையாதே.