கொலைகார மீனின் பதினேழாவது டேக்

ராஜபாளையத்தில் நல்ல நாய் கிடைக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல ரப்பர் மீன் கிடைக்காது. இதிலிருந்து எழுத ஆரம்பித்தால்தான் என் நிலைமை உங்களுக்கு விளங்கும்.

'ரத்தக் கெண்டை' என்று ஒரு திகில் படம் எடுக்கிறேன். கண்மாயில் ஒரு மீன் ஆட்களைத் தின்கிறது, அவ்வளவுதான் கதை. வசதி கம்மி. லாரி ட்யூப்பை வெட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஞ்சர் கடையில் மீனாக ஒட்டி வாங்கினேன். தண்ணீரில் போட்டால் மல்லாந்து மிதந்தது. மல்லாந்த மீனைப் பார்த்தால் பயமா வரும்? குழம்பு வைக்கத்தான் தோன்றும். அதனால் வயிற்றுக்குள் எட்டு கிலோ இரும்பைத் திணித்தேன்.

மீனுக்கு இரையாகிறவன் பால்ச்சாமி. சோழபுரத்துக்காரன், தேங்காய் லோடு ஏற்றுகிறவன். நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது. மீனைக் காலில் கட்டிவிட்டுக் கத்தச் சொன்னால், கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். அப்படியே கத்தினாலும், கரையில் நிற்கிற ஊர்ஜனம் பாவம் பார்த்துக் குதித்துவிடும். ஷாட் போச்சு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாங்கள் படம் எடுக்கிற கண்மாயில், ஊரே கூடி மீன் பிடிக்கிற அன்றைக்கு, ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். வைத்தால் சாமி குத்தம். அந்த நாளிலேயே ஷூட்டிங்கை வைத்துக்கொண்டு, பெரியவர் கருத்தையாவிடம் பேசினேன். அவர் தன் துண்டை என் தோளில் போட்டு, "ஏலே, இன்னைக்கு இவிய வீசுனாத்தான் எறங்கணும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு பயல் அசையவில்லை. அந்தக் கட்டுப்பாடு சென்னையில் சம்பளம் கொடுத்தாலும் வராது.

பதினேழாவது டேக்கில் பால்ச்சாமி இரண்டடி பின்னால் போய்விட்டான். அங்கே மண் அள்ளிய பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும். தண்ணீர் கறுப்பாகத் தெரிகிற அழகுக்காகத்தான் அந்த இடத்தையே பிடித்தேன். முதலில் மீன் இறங்கியது. அவன் கத்தினான் பாருங்கள், எனக்குப் புல்லரித்துவிட்டது. கரையில் கைதட்டினார்கள்.

அவன் பெண்டாட்டி வெள்ளத்தாய் ஊரைப் பார்த்து அலறினாள். அவளும் நடிக்கிறாள் என்று அதற்கும் கைதட்டினார்கள். என்னிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, அவிய நடிக்கல. அவியளுக்கு நடிக்கத் தெரியாதுன்னு காலையில இருந்து நீங்கதான ஏசுறீய? துண்ட வீசுங்கய்யா."

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. ஆனால் மானிட்டரில் குமிழி வந்துகொண்டிருந்தது. குமிழிக்கெல்லாம் கிராபிக்ஸ் போட எனக்கு வக்கில்லை, ஐயா.

அது விபத்து என்று கேமராமேன் கௌதம்ராஜ் எழுதிக் கொடுத்திருக்கிறான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். டைட்டிலில் மறைந்த பால்ச்சாமியின் பெயரைத்தான் முதலில் போடப்போகிறேன். படம் வந்ததும் வெள்ளத்தாயை முன்வரிசையில் உட்காரவைப்பேன். யார் இதெல்லாம் செய்வார்கள்?

தோளில் துண்டு கிடந்தது பதற்றத்தில் மறந்துபோச்சா என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை. வெயிலில் எனக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. துண்டை எடுத்தால் வீசுகிறேன் என்று நினைத்து எல்லோரும் இறங்கிவிடுவார்களே என்று, சட்டைக் கையில்தான் துடைத்துக்கொண்டேன்.