புள்ளி போட்ட பிறகே தேத்தண்ணி

மேடையில் வீற்றிருக்கும் மௌலவி அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, மீன் வாடிகளை மூடிவிட்டு வந்திருக்கும் மீனவச் சகோதரர்களே, நண்டு பதனிடும் அறையிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்த பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் ஸலாமும் வணக்கமும். முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் ஹுனைஸ் அவர்களே, உங்கள் மனைவியைப் பற்றிப் பேச உங்களிடம்தான் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

இந்தச் சங்கத்தின் தலைவன் இன்னாசி என்ற முறையில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இன்றைக்கு எனக்குத் துக்கம் மட்டும்தான் என்று நினைப்பீர்கள். துக்கம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது!

நமது கடலோரக் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் ஜனாபா மர்ளியா ஹுனைஸ் அவர்களை ஒரு டெங்குக் காய்ச்சல் ஒரு கிழமைக்குள் கொண்டுபோய்விட்டது. யார் இந்த மர்ளியா? தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, கரைத்தீவு அகதி முகாமில் வளர்ந்த பிள்ளை. யுத்தம் முடிந்து நாம் ஐஸ் தொழிற்சாலையைத் திறந்தபோது எழுதுவினைஞராகச் சேர்ந்து, செயலாளராக உயர்ந்தவர். இந்தச் சங்கத்தில் யாருக்கு வேலை கிடைக்க வேண்டுமானாலும் அவர் நடத்திய நேர்முகப் பரீட்சையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

அதற்கு முன் எங்கள் நேர்முகப் பரீட்சை எப்படி இருந்தது? மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளை வந்து கதிரையில் இருக்கும். முதல் கேள்வி, எந்த ஊர்? இரண்டாவது கேள்வி, யாருடைய பிள்ளை? மூன்றாவது கேள்விக்குத் தேவையே இராது! பிள்ளை வெளியே போனதும் தேத்தண்ணி வரும். தேத்தண்ணியோடு கதை வரும். "கேம்ப் புள்ளதானே, இண்டைக்கு நிக்கும், நாளைக்கு மன்னாருக்குப் போயிடும்" என்று நேர்முகச் சபையில் மூத்தவர் ஒரு வார்த்தை சொல்வார். கோப்பை வெறுமையாகும்போது எல்லோரும் போட்ட மார்க்கும் அவருடைய புள்ளியாகியிருக்கும். வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்த பிள்ளைக்கு, தன்னைத் தோற்கடித்தது ஒரு கோப்பைத் தேத்தண்ணி என்று தெரியவே வராது.

மர்ளியா செயலாளரானதும் முதலில் செய்தது என்ன? தேத்தண்ணியை நிறுத்தினார்! எல்லோருக்கும் ஒரே கேள்விகள். ஊர் கேட்கக் கூடாது. அவரவர் புள்ளியை அவரவர் எழுதி மடித்து வைக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒருவருடைய புள்ளி மற்றவர்களுடையதிலிருந்து தூர நின்றால், அவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் பிள்ளை சொன்ன பதிலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புள்ளி வெட்டு. இவ்வளவும் முடிந்த பிறகே தேத்தண்ணி.

சபையில் இருந்த செய்னுலாப்தீன் ஹாஜியாருக்குத் தேத்தண்ணி இல்லாவிட்டால் தலை இடிக்கும். "என்ன மகள், நோன்பு மாசமும் இல்ல, எங்கள நோன்பு புடிக்க வெச்சிட்டீங்களே!" என்றார். "மஃரிப் பாங்கு வரைக்கும் வேணாம் ஹாஜியார், மார்க் போடுமட்டும் புடிங்க" என்றார் மர்ளியா. ஹாஜியார் சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தார்.

எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் துணிச்சல்காரி என்றார்கள். மன்னிக்க வேண்டும், நான் மறுக்கிறேன். மர்ளியா பயந்தவர்! அவர் யாருக்குப் பயந்தார்? அதிகாரிக்கா? அரசியல்வாதிக்கா? சொல்கிறேன், கேளுங்கள்.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த ஆண்டு. என் வீட்டார் மாதா கோயிலுக்குப் போகப் பயந்தார்கள். மர்ளியா வீட்டார் தெருவுக்கு வரப் பயந்தார்கள். ஒரே கடலில் வலை போட்ட நாம் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்தோம். மறந்துவிட்டீர்களா? அந்தக் காலத்தில்தான் நண்டு அறைக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். கனமூலைக் கிராமத்திலிருந்து அக்கீலா என்ற பிள்ளை ஹபாயா அங்கியோடு வந்தார். வாசலில் அவருடைய பையை மட்டும் இரண்டு தரம் கொட்டிப் பார்த்தார்கள். கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

குளிர் மெஷின் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டோம். அக்கீலா சொன்னார்: "மொதல்ல ஒருத்தரையும் கதவத் தொறக்க உடமாட்டன், உள்ள இருக்கிற குளிர் போயிடும். பொறகு வெளியில ஐஸ் எடுக்கப் பாப்பன். கரையில நிக்கிற ஆக்களுக்கு உண்மையச் சொல்லுவன்." அன்றைக்கு அதைவிட நல்ல பதில் வரவில்லை.

புள்ளிகளை விரித்தோம். நாங்கள் போட்டதெல்லாம் எழுபதுக்கு மேல். நாங்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல, அந்தப் பதிலைக் கேட்ட பிறகு வேறு போட வழி இருக்கவில்லை. ஒரு புள்ளி மட்டும் நாற்பது. யாருடையது?

மர்ளியாவுடையது!

அவர் எழுந்தார். காரணம் சொல்ல வேண்டும். "இன்னாசியண்ணே, காரணம் இல்ல. இந்த நேரத்துல நான் எங்கட புள்ளைக்குக் கூடப் போட்டா என்ன சொல்லுவாங்களோ எண்டு பயந்துட்டன். பாசத்துல மட்டும் இல்லண்ணே, பயத்துலயும் கை சாயுது. என்ட புள்ளிய வெட்டுங்க."

வெட்டினோம். அக்கீலாவுக்கு வேலை கிடைத்தது. அவர் சேர்ந்த அன்றே மர்ளியா அவரிடம் போய், "ஒனக்கு ஆகக் குறையப் போட்டது நான்தான் புள்ள" என்று சொன்னார். அக்கீலா அதோ இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். மர்ளியா பயந்தது தன் கைக்கு! தன் கைக்குப் பயந்தபடியால்தான் நம் எல்லோருடைய கையையும் அவரால் பிடித்து நிறுத்த முடிந்தது.

இன்றைக்கு அவர் இல்லை. ஜனாஸா அடக்கிய மண் காயவில்லை, எனக்குப் போன் கோல் வந்துவிட்டது. என் பங்கைச் சேர்ந்த ஒருவர்: "இவ்வளவு காலமும் அவங்கட ஆள் இருந்தது. இனி எங்கட ஆள்தானே இன்னாசியண்ணே?" பள்ளிவாசல் பக்கமிருந்து ஒருவர்: "தலைவர், அது எங்கட கதிர. வேற ஆள் வந்தா எங்கட புள்ளைகள் எல்லாம் வெளியதான்." பெயர் சொல்லாத ஒருவர் சங்கத் தலைவர் தேர்தல் வருகிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். இவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பேசியவர்களின் குரலில் பயம்தான் கேட்டது. அதே பயம் எனக்குள்ளும் இருக்கிறது. இரவில் நித்திரை இல்லை.

திங்கட்கிழமை மர்ளியாவின் கதிரைக்கு நேர்முகப் பரீட்சை. விண்ணப்பித்தவர்கள் சிலர் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். என் கை எந்தப் பக்கம் சாயும்? சத்தியமாக எனக்குத் தெரியாது! தெரியாதபடியால் ஒரு காரியம் செய்கிறேன். அக்கீலா, எழுந்து நில்லுங்கள். திங்கட்கிழமை நீங்கள் சபையில் இருக்கிறீர்கள். அழாதீர்கள் மகள். என் புள்ளி தூர நின்றால் தலைவர் என்று பார்க்க வேண்டாம், வயது பார்க்க வேண்டாம், எழுப்பிக் காரணம் கேளுங்கள். காரணம் இல்லாவிட்டால் வெட்டுங்கள். இந்தச் சபையின் முன்னால் சொல்கிறேன், நான் கோபிக்க மாட்டேன்.

மர்ளியா, உங்கள் பயத்தை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

அன்பர்களே, வெளியே தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறார்கள். வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஊற்ற வேண்டாம். கோப்பையோடு என் பக்கத்தில் யாரும் வரவும் வேண்டாம். நான் திங்கட்கிழமை, புள்ளி போட்ட பிறகு குடிக்கிறேன்.